நல்ல நாளில் பேசி வையுங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் பத்திரிகை அலுவலகம் மூலமாக வந்து சேர்ந்தது. பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், அப்படியே செய்கிறேன். பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதச் சம்மதித்தீர்களே, அதற்கு நன்றி. உங்களைப் போலவே எழுத உட்கார்ந்து, நாலு பேருக்குத் தெரிந்துவிடுமோ என்று பேனாவை மூடி வைத்தவர்கள் பலர் இருப்பார்கள்.

நீங்கள் எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்க ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். பிரசவமான இரண்டாவது வாரம் உங்கள் மனைவிக்குத் தூக்கம் போயிற்று. தூங்காமலே சுறுசுறுப்பாக இருந்தார். ஓயாத பேச்சு. பிறந்திருப்பது தெய்வக் குழந்தை, ஊரையே அழைத்துச் சோறு போட வேண்டும் என்று கிளம்பினார். உறவுக்காரர்கள் காத்துக் கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப் போனார்கள். அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரி. டாக்டர் பைபோலார் என்றார். கல்லூரியில் படிக்கும்போதும் ஒரு தடவை இப்படி வந்து மாத்திரை சாப்பிட்டதை மாமனார் அப்போதுதான் வாய் திறந்து சொன்னார். உங்கள் அம்மா கொதித்துப்போய், "ஏமாத்திக் கட்டிவெச்சுட்டாங்க, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அவளை அவங்க வீட்லயே விட்டுட்டு வா" என்கிறார். நீங்கள் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என்னைக் கேட்கிறீர்கள்: "ஐயா, இவளோடு குடும்பம் நடத்த முடியுமா?"

முடியும். நான் நடத்திக்கொண்டிருக்கிறேன். என் மனைவிக்கும் இதே நோய்தான். அவள் கணக்கு டீச்சர். பள்ளிக்கூட வேலையும் பார்த்து, இரண்டு பிள்ளைகளையும் வளர்த்து, நடுவில் சில தடவை ஆஸ்பத்திரியிலும் இருந்து வந்தவள். அவள் படித்துப் பார்த்துச் சரி என்ற விஷயங்களை மட்டுமே இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன்.

நான் முடியும் என்று சொன்னதற்காக நீங்கள் இன்றைக்கே எந்த முடிவும் எடுக்க வேண்டாம். சேர்ந்து வாழ்வது என்றும் வேண்டாம், பிரிவது என்றும் வேண்டாம். நோயின் உச்சத்தில் இருக்கும் மனைவியைப் பார்த்து, வாரக்கணக்கில் தூங்காத கணவன் எடுக்கும் முடிவு நிலைக்காது. மருந்து வேலை செய்யட்டும். அவர் பழையபடி உங்களிடம் பேசட்டும். அப்போது இருவருமாக உட்கார்ந்து பேசுங்கள். நான் இந்தக் கடிதத்தில் சொல்ல வந்ததும் அதுதான். இந்த நோய்க்காரரோடு குடும்பம் நடத்துவதற்கான வேலை பெரும்பாலும் நோய் இல்லாத மாதங்களில் நடக்கிறது. அதுவும் அவரோடு சேர்ந்து நடக்கிறது.

நோயைப் பற்றிக் கொஞ்சம். மனம் அளவுக்கு மீறி ஏறும் காலம் ஒன்று, அடியோடு இறங்கும் காலம் ஒன்று, நடுவில் எல்லோரையும் போல இருக்கும் நீண்ட காலம் ஒன்று. எங்கள் வீட்டில் ஏற்றம், இறக்கம் என்றே சொல்கிறோம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இருந்தது. வயது வந்தவர்களில் சுமார் 200 பேருக்கு ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்த நோய் வருகிறது என்று அதில் தெரிந்தது. அவர்களில் பத்துக்கு ஏழு பேர் சிகிச்சையிலேயே இல்லை. உங்கள் கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பந்தியில் உட்கார்ந்தவர்களில் ஒன்றிரண்டு பேருக்காவது இது இருந்திருக்கும், ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

ஏற்கெனவே இந்த நோய் இருக்கும் பெண்களுக்குப் பிரசவத்தை ஒட்டிய வாரங்கள்தான் மிக ஆபத்தான காலம். உடம்பில் ஹார்மோன்கள் சட்டென்று இறங்குகின்றன. கூடவே ராத்திரித் தூக்கம் போய்விடுகிறது. உங்கள் மாமனார் முன்பே சொல்லியிருந்தால் பிரசவத்துக்கு முன்பே மனநல மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் கலந்து பேசியிருப்பார்கள். அவர் மறைத்ததில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் சொன்னால் மகளுக்குக் கல்யாணமே நடக்காது என்ற பயத்தை அவர் மனதில் விதைத்தது நம் எல்லோருடைய வீடுகளும்தான். பெண்ணுக்கு நோய் என்றால் பிறந்த வீட்டுக்கு அனுப்புகிறோம். பையனுக்கு நோய் என்றால் "ஒரு கல்யாணத்தைப் பண்ணிவெச்சா சரியாப் போயிடும்" என்று இன்னொரு வீட்டுப் பெண்ணைக் கொண்டுவந்து காவலுக்கு வைக்கிறோம். உங்கள் அம்மா மேல் கோபப்படாதீர்கள், அவர் பேரக் குழந்தையை நினைத்துப் பயப்படுகிறார். ஆனால் பெண்ணுக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று என்ற இந்த அநியாயம் அவருக்கும் புரிய வேண்டும்.

வக்கீலைப் பார்க்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்து திருமணச் சட்டத்தில் மனநோய் விவாகரத்துக்கு ஒரு காரணமாக இருப்பது உண்மைதான். ஆனால் நோய் இருக்கிறது என்பது மட்டுமே போதாது, சேர்ந்து வாழ்வதை நியாயமாக எதிர்பார்க்கவே முடியாத அளவுக்கு அது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. சட்டத்தைக் காட்டி உங்களைக் கட்டிப்போட இதைச் சொல்லவில்லை. டாக்டர் சீட்டில் ஒரு பெயர் எழுதியதாலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று பேசுகிறவர்களிடம் சொல்ல உங்களுக்கு ஒரு பதில் வேண்டுமே.

குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைக்கச் சொல்லும் உங்கள் பெரியம்மாவிடம் சண்டை வேண்டாம். என் மாமியாரும் அங்கே வேண்டிக்கொண்டவர்தான். கோயிலுக்குப் போங்கள், மாத்திரை டப்பா கூடவே வரட்டும். வழிபாட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி: 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே தர்காவை ஒட்டிய மனநோயாளிகள் விடுதி ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டதும் குடும்பத்தார்தான். பின்னால் அதே ஏர்வாடி தர்கா வளாகத்தில் அரசு டாக்டர்கள் உட்கார்ந்து, தொழுகை ஒரு பக்கம் நடக்க, மருந்தும் கொடுக்க ஆரம்பித்தார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை என்பதைப் பெரியம்மாவுக்கு அதைச் சொல்லியே புரியவைக்கலாம்.

இனி மருந்து. உங்கள் மனைவிக்கு லித்தியம் ஆரம்பிக்கலாமா என்று டாக்டர் யோசிக்கிறார், அந்தப் பேரைக் கேட்டாலே உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்கிறீர்கள். லித்தியம் மண்ணில் கிடைக்கும் ஓர் உப்பு. ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் இந்த நோய்க்கு அது கேட்கிறது என்று 1949இல் எழுதினார். டென்மார்க்கில் மோகன்ஸ் ஷோ என்பவர் 1950களில் அதை முறையாகச் சோதித்துக் காட்டினார். யாருடைய காப்புரிமையும் இல்லாத மலிவான உப்பு என்பதால் விளம்பரம் செய்ய ஆள் இல்லை. அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவே 1970 ஆயிற்று. இத்தனை வருடம் கழித்தும் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தடுத்து, தற்கொலையையும் குறைக்கும் மருந்து என்று டாக்டர்கள் முதலில் எண்ணுவது அதைத்தான்.

அது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்கிறவர்களுக்கும் அளவு முக்கியம். ரத்தத்தில் லிட்டருக்கு 0.6லிருந்து 1.0 மில்லிமோல் வரை இருந்தால் பெரும்பாலும் போதும், 1.5ஐத் தாண்டினால் விஷம். அதனால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும். என் மனைவி பரிசோதனை நாளன்று காலை மாத்திரையைக் கைக்குட்டை முனையில் முடிந்துகொண்டு லேபுக்கு வருவாள். ஊசியை எடுத்தார்களோ இல்லையோ, வராந்தாத் தண்ணீர்க் குழாயடியிலேயே போட்டுக்கொள்வாள். தைராய்டும் சிறுநீரகமும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

நம் ஊர் வெயிலில் இருப்பவர்களுக்கு டாக்டர்கள் சில சமயம் அவசரத்தில் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. சிறுநீரகம் லித்தியத்தையும் சமையல் உப்பையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடத்துகிறது. உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் அது லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். போட்ட மாத்திரை அதேதான், ஆனால் ரத்தத்தில் அளவு ஏறிவிடும். ஆகவே அக்னி நட்சத்திரத்தில் வியர்த்துக் கொட்டும்போது, வாந்தி பேதி வரும்போது, யாரோ சொன்னார்கள் என்று திடீரென்று உப்பில்லாப் பத்தியம் பிடிக்கும்போது, தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருக்கும்போது கவனம் வேண்டும். பிரசவப் பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்கும் பழக்கம் உங்கள் பக்கத்திலும் இருந்தால் அதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். மூட்டு வலி, தலைவலி என்று மெடிக்கல் ஷாப்பில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுவதும் அளவை ஏற்றும். ரத்த அழுத்த மாத்திரைகள் சிலவும் அப்படித்தான். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராகவே இருந்தாலும், லித்தியம் சாப்பிடுகிறார் என்பதை முதலில் சொல்லுங்கள். கை அதிகமாக நடுங்குவது, வாந்தி பேதி, நாக்குக் குழறுவது, நடை தள்ளாடுவது கண்டால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உங்கள் மனைவிக்கு வயது குறைவு. அடுத்த குழந்தை பற்றி இருவருக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே டாக்டரிடம் சொல்லிவையுங்கள். வால்ப்ரோயேட் என்று ஒரு மாத்திரை உண்டு. கருவில் இருக்கும் குழந்தையின் முதுகுத்தண்டையும் மூளையையும் அது பாதிக்கும். குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களுக்குக் கூடியவரை அதைத் தவிர்க்கிறார்கள். அதே சமயம் கர்ப்பம் தெரிந்ததும் எல்லா மருந்தையும் தானாகவே நிறுத்துவதும் நோயை வாசலுக்கு அழைப்பதுதான். தாய்ப்பால் விஷயத்தையும் டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். மருந்துக்கு மருந்து பதில் வேறுபடும். குழந்தைக்கும் இது வருமா என்று கேட்டிருந்தீர்கள். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து வரை. மற்றவர்களைவிட இது அதிகம்தான். ஆனால் நூற்றுக்குக் குறைந்தது தொண்ணூறு பிள்ளைகளுக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

மருந்துக்கு அடுத்தது தூக்கம். சில வீடுகளில் மருந்தைவிடத் தூக்கத்துக்குத்தான் பெரிய பாடுபட வேண்டியிருக்கும். ராத்திரித் தூக்கம் கெட்டால் ஏற்றம் கிளம்பும். ராத்திரி பஸ், கல்யாண வீட்டு முதல் நாள் ராத்திரி, சிவராத்திரி கண்விழிப்பு, பிள்ளைகளின் பரீட்சைக் காலம் எல்லாமே எங்களுக்குக் கணக்குப் பார்த்துக் கடக்க வேண்டிய இடங்கள். சிவராத்திரிக்கு இப்போது என் அக்காதான் எங்கள் வீட்டுக்கும் சேர்த்து விழிக்கிறாள். உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் ராத்திரி முறையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். புட்டிப்பால் கொடுப்பதும் துணி மாற்றுவதும் ஆம்பிளை வேலையா என்று யாராவது கேட்டால், என் பெண்டாட்டிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து இது என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

டாக்டர் சொல்லும் வரை குழந்தையோடு அவரைத் தனியாக விட வேண்டாம். அவர் நெஞ்சில் குத்தாமல் இதைச் செய்ய நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பிரசவித்த பெண்ணோடு எந்நேரமும் ஒருத்தி கூட இருப்பது நம் வழக்கம்தானே. அந்த வழக்கமாகவே அது நடக்கட்டும். வசதிப்பட்டால், நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் பிரிக்காமல் ஒன்றாகச் சேர்த்து வைத்தியம் பார்க்கும் பிரிவு இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் பல பத்தாண்டுகளாகக் குடும்பத்தார் உடன் தங்கித்தான் சிகிச்சை நடக்கிறது. நோயாளியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவதுதான் மனநல ஆஸ்பத்திரி என்ற எண்ணம் உங்கள் வீட்டாருக்கு இருந்தால், இந்த இடங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

இப்போது நான் முக்கியமாக எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஏற்றத்தில் இருப்பவரிடம் நியாயம் பேசிப் பயனில்லை. உங்கள் மனைவி ஊருக்குச் சோறு போடக் கிளம்பியபோது நீங்கள் வரவு செலவுக் கணக்குச் சொல்லியிருப்பீர்கள், அவர் உங்களைக் கஞ்சன் என்றிருப்பார். அந்த நேரத்தில் அவர் மனதுக்கு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது, தடுப்பவன் எதிரியாகத் தெரிகிறான். அந்த நேரத்தில் சட்டம் பேசாமல், அவரே நல்ல நாளில் போட்டுவைத்த சட்டத்தை எடுத்துக் காட்டுவதுதான் ஓரளவு பலிக்கும்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு தாள் இருக்கிறது. கோடு போட்ட ஃபுல்ஸ்கேப் தாள், அவள் கையெழுத்து, கணக்கு டீச்சருக்கே உரிய வரிசை எண்களோடு. ஒரு பெரிய ஏற்றம் அடங்கிப் பல மாதம் கழித்து, கோடை லீவில் ஒரு மத்தியானம் அவளே உட்கார்ந்து எழுதினாள். தொடர்ந்து இரண்டு ராத்திரி நான் சரியாகத் தூங்காவிட்டால் நீங்கள் டாக்டருக்குப் போன் செய்யலாம், நான் கத்தினாலும் செய்யலாம். ஏ.டி.எம். கார்டைக் கேட்டு வாங்க வேண்டும், பிடுங்கக் கூடாது. நகை லாக்கரில் இருக்கட்டும், சாவி என் தங்கையிடம் இருக்கட்டும். என் அண்ணனுக்குச் சொல்ல வேண்டாம், அவன் வந்தால் அதட்டுவான். பள்ளிக்கூடத்துக்கு டைபாய்டு என்று பொய் எழுத வேண்டாம், உடம்பு சரியில்லை என்றால் போதும். ஒரு குறிப்பிட்ட ஊசி போட்டால் நாக்குத் தடித்துப்போகிறது, அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வந்தவர்கள் எதிரே "மாத்திரை போட்டியா" என்று கேட்காதீர்கள். கடைசியாக, அந்த நேரத்தில் நான் பேசியதை எல்லாம் பிற்பாடு சொல்லிக் காட்டக் கூடாது.

நான் ஒன்றே ஒன்று சேர்க்கச் சொன்னேன். மாத்திரையை நிறுத்தத் தோன்றினால் என்னிடம் சொல்ல வேண்டும். அவள் உடனே பக்கத்தில் எழுதினாள்: சொன்னால் நீங்கள் கோபப்படக் கூடாது.

அடுத்த தடவை ராத்திரி இரண்டு மணிக்கு அவள் அடுக்களையில் டப்பாக்களை எல்லாம் தரையில் இறக்கி, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு என்று சாக்பீஸால் புதிதாகப் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். போட்ட காபி அப்படியே ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. நான் அந்தத் தாளை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். "அது அப்ப எழுதினது" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் நாலு டப்பாவுக்குப் பெயர் எழுதிவிட்டு, மேலே பார்க்காமல், கார்டு பர்ஸில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். காலையில் டாக்டரிடம் போனோம். அந்த முறை ஆஸ்பத்திரியில் சேர்க்கவே தேவைப்படவில்லை. எல்லாத் தடவையும் இப்படி நடந்தது என்று சொன்னால் அது பொய். ஒரு தடவை தாளைக் கிழித்துப் போட்டாள். பின்னால் நல்லபடியானதும் அவளே மறுபடி எழுதினாள்.

இதற்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, வயது வந்த யாரும் தனக்கு மனநோய் வந்தால் எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக் கூடாது என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். அவசரச் சிகிச்சைக்கு மட்டும் அது பொருந்தாது. தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் செய்யலாம். அவர் நியமிப்பது உங்களையாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. அக்காவையோ தோழியையோ சொன்னால் மனம் சுருங்காதீர்கள். ஏற்றத்தில் கணவன் பேச்சு எடுபடாதபோது அந்த அக்காள் பேச்சு எடுபடும். எழுதும் முறையையும் பதிவு செய்யும் வழியையும் டாக்டரிடமே விசாரியுங்கள்.

கவனித்துக்கொள்வதும் வேவு பார்ப்பதும் ஒன்று ஆகிவிடக் கூடாது, தம்பி. ஒரு தடவை இப்படி வந்துவிட்டால் பிறகு அவர் சத்தமாகச் சிரித்தாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். புதுப் புடவை கட்டினால் சந்தேகம். பாட்டுப் பாடினால் சந்தேகம். வீட்டில் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அவர் எப்படிச் சிரிப்பார்? எனக்கு உதவுகிற அளவுகோல் தூக்கம்தான். என் மருமகன் கல்யாணத்தில் அவள் மேடையேறிப் பாடினாள், நாள் முழுக்கப் பேசினாள், வீட்டுக்கு வந்து கால் வலிக்கிறது என்று ஒன்பது மணிக்குப் படுத்துவிட்டாள். அது சந்தோஷம். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுக் களைப்பே இல்லாமல் எழுந்து உலகத்தைத் தலைகீழாகப் புரட்டக் கிளம்பினால், அதுதான் நோய்.

யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்த ஓர் ஆங்கிலேயரின் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. லியோனார்ட் உல்ஃப் 1904இல் இலங்கைக்கு அரசு அதிகாரியாக வந்தவர், தமிழும் சிங்களமும் கற்றவர். 1911இல் ஊர் திரும்பி, அடுத்த வருடம் எழுத்தாளர் வர்ஜீனியாவை மணந்தார். வர்ஜீனியா உல்ஃபுக்கு இருந்தது இந்த நோய்தான் என்று பிற்கால மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். 1913இல் மனைவியின் நிலை மோசமானபோது லியோனார்ட் அவருடைய உடல்நிலையைத் தினமும் தன் டைரியில் குறித்துவைத்தார், யாருக்கும் புரியாதபடி தமிழ், சிங்கள எழுத்துகளால் ஆன சங்கேத மொழியில். 1917இல் ஒரு கை அச்சு இயந்திரம் வாங்கி ஹோகார்த் பிரஸை இருவரும் தொடங்கியதற்கும், எழுத்துக் கோக்கும் கைவேலை வர்ஜீனியாவின் மனதுக்கு ஓய்வு தரும் என்பது ஒரு காரணம். அந்த அக்கறைக்கு முன்னால் நான் தலை வணங்குகிறேன். 1941இல் வர்ஜீனியா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஜான் கேட்டின் கட்டுரை வர இன்னும் எட்டு வருடம் இருந்தது. லியோனார்டிடம் இருந்த மருந்து பெரும்பாலும் ஓய்வும் பாலும் தூக்கமும்தான். ஆனால் அந்த டைரிக் குறிப்பை மனைவிக்கும் புரியாதபடி எழுதியதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் வீட்டில் தூக்கக் கணக்கு சமையலறைக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. எழுதுவது அவள்தான்.

மாத்திரையை ஏன் நிறுத்துகிறார்கள் என்று கோபம் வரும். அமெரிக்காவின் கே ரெட்ஃபீல்ட் ஜாமிசன் இந்த நோய் பற்றிய பாடப்புத்தகத்தையே சேர்ந்து எழுதிய பேராசிரியை. தனக்கே இந்த நோய் இருப்பதை 1995இல் புத்தகமாக எழுதி வெளிப்படுத்தினார். அவரே லித்தியத்தை விட்டுவிட்டு அவதிப்பட்டவர். எல்லாம் தெரிந்தவருக்கே ஏற்றத்தின் அந்த வேகத்தை இழப்பது கஷ்டமாக இருந்திருக்கிறது. உங்கள் மனைவி நிறுத்த நினைத்தால் அது உங்களை ஏமாற்ற அல்ல. என்ன தொல்லை என்று கேளுங்கள். கை நடுக்கமா, எடை கூடுகிறதா, மந்தமாக இருக்கிறதா? பலவற்றுக்கு டாக்டரிடம் மாற்று இருக்கும்.

ஏற்றத்துக்குப் பின்னால் இறக்கம் வரலாம், அதற்கும் தயாராக இருங்கள். அப்போது வீடு அமைதியாகிவிடும், உறவினர்கள் "இப்ப பரவாயில்லை, சாந்தமா இருக்கா" என்பார்கள். குளிக்க எழுந்திருப்பதே மலை ஏறுவதாக இருக்கும் அவருக்கு. அவர் செய்ததெல்லாம் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வரும், கூச்சம் அரித்துத் தின்னும். சாமி கும்பிடு, வெளியே வா, மனசைத் திடமாக வை என்ற உபதேசம் எதுவும் வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். கொஞ்சம் மோர், அரைத் தோசை, ஐந்து நிமிடம் மொட்டைமாடி. சாகத் தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, இருந்தால் வெளியே வரும். ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மாத்திரையைச் சில நாளுக்கு மட்டும் எடுத்துவைத்து, மீதியை நீங்கள் பத்திரப்படுத்துங்கள். இரவோ பகலோ 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. நீங்கள் உங்களுக்காகவும் பேசலாம்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. யாராவது ஒருவரிடம், ஒரே ஒருவரிடமாவது, எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். எனக்கு அப்படி ஒரு நண்பன் இருந்தான். ஆலோசனை எதுவும் சொல்ல மாட்டான், டீக்கடைக்கு வருவான். வாரத்தில் ஒரு ராத்திரியாவது குழந்தையை உங்கள் அம்மாவிடம் விட்டுத் தூங்குங்கள். குற்றம் சொல்லிக்கொண்டே இருக்கும் வீட்டில் இந்த நோய் சீக்கிரம் திரும்புகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். களைத்துப்போன மனிதன்தான் அதிகம் குற்றம் சொல்வான். எல்லா முயற்சிக்கும் பிறகு சிலருக்குச் சேர்ந்து வாழ முடியாமல் போவதும் உண்டு, அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த முடிவும் அவர் நன்றாக இருக்கும் நாளில், அவருக்கும் தெரிந்து எடுக்கப்பட வேண்டும். அவர் தூங்கும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவது முடிவு ஆகாது.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது லித்தியம் அளவு எப்போது பார்க்க வேண்டும், பால் கொடுக்கலாமா, ராத்திரி நேரத்தில் ஆபத்து என்றால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் சொன்னால் கேட்காததை அவர் டாக்டர் சொன்னால் கேட்பார்.

உங்கள் மனைவி வீட்டுக்கு வந்து, நிதானமாகப் படிக்க முடிகிற நிலைமை வந்ததும் இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுங்கள். எந்த இடம் தப்பு என்று அவருக்குப் படுகிறதோ அங்கே அடிக்கோடு போட்டு அனுப்பச் சொல்லுங்கள். பதில் எழுத என் மனைவியும் தயார் என்று சொல்லியிருக்கிறாள். குழந்தைக்குப் பெயர் வைத்ததும் தெரிவியுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்